பொடி வைத்தது

முதலில் ஒன்றுதான்.
இடது தாடையில், கடுகளவு.
சிவதாபுரத்தில் எங்கள் சந்தில்
பதினோரு வீட்டில் கொலுசு ஓடுகிறது.
யார் நிமிர்ந்து யார் முகத்தைப் பார்க்க?

தை முடியும்போது அது மிளகு.
சித்திரையில் அதனருகே இரண்டு,
உதட்டோரம் ஒன்று,
இமைமேல் ஒன்று.
கண் சிமிட்டும்போதெல்லாம்
யாரோ கதவைத் தட்டுவதுபோல.

"மருடி. கிள்ளாதே,
கிள்ளினால் குடித்தனம் வைக்கும்"
என்றாள் எதிர்வீட்டுத் தைலம்மை.
கிள்ளினேன்.
வைத்தது.

குதிரைமுடி கட்டினால் அறுந்து விழுமாம்.
கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர்
கிச்சிப்பாளையத்தில் இருந்தார்.
முடி ஒன்று இருபது ரூபாய்.
தாடையில் கட்டிக்கொண்டேன்.
இமையில் கட்ட
அந்தக் குதிரையே வந்தாலும் ஆகாது.

சாக்கடையோரம் அம்மான் பச்சரிசி,
காம்பைக் கிள்ளி வெள்ளைப் பால்,
காலையும் மாலையும்.
பிறகு சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து.
தோல் வெந்து கறுத்தது.
கறுத்த இடத்தின் நடுவில்
மேடை போட்டுக் கொடுத்தாற்போல
அது நின்றது.

செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசை எடை போட்ட கடைக்காரர்
தராசைப் பார்க்கவில்லை,
என் தாடையைப் பார்த்தார்.
மூன்று கிராம் குறைத்து எழுதினார்.
முந்தானையால் வாயை மூடியிருந்தேன்.
கேட்கவில்லை.
மூன்று கிராம்.
இன்றைக்கும் கணக்கில் நிற்கிறது.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பையன்.
மின்சார ஊசியைத் தாடையில் வைத்தான்.
கோழி வாட்டும் நாற்றம்,
என் முகத்திலிருந்து.
"சூடு அதிகம் தம்பி,
கொஞ்சம் தள்ளிப் பிடிங்க" என்றேன்.
"நர்ஸா நீங்க?"
"இல்லை. கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிறவள்."
சிரித்தான். ஆனால் குமிழைக் குறைத்தான்.

ஆறு வாரம் கழித்து
அதே இடத்தில் அதே கடுகு.
"கிருமி தோலுக்குள் தூங்கும்.
உங்கள் உடம்பு அதைக் கண்டுபிடிக்கணும்,
அதுவரைக்கும் பொறுங்க.
இமையை நான் தொடமாட்டேன்" என்றான்.

பொறு என்று யாரும் சொல்லலாம்.
செங்கோடன் சொல்லவில்லை.
விளக்கை என் பக்கம் திருப்பாமல்
சாப்பிட்டு எழுந்தான், அவ்வளவுதான்.
அவன் தங்கைதான்
"முகராசி சிலபேருக்குத்தான்" என்று
காற்றிடம் சொன்னாள்.
என்னிடமா பொடி வைத்துப் பேசுகிறாய்,
நான் பொடி வைத்தே பிழைக்கிறவள்.

அன்று ராத்திரி வேண்டிக்கொண்டேன்.
உப்பும் மிளகும் மட்டுமல்ல,
வெள்ளியில் என் முகம்.
துண்டுத் தகடு, கத்தரித்தேன்.
கண், மூக்கு, வாய் தட்டினேன்.
பார்த்தால் யார் முகமாகவும் இருந்தது.
எது என்று ஆத்தா எப்படிக் கண்டுபிடிப்பாள்?
கொலுசுக்கு வைத்திருந்த குண்டுமணியில்
அரிசிமுனை அளவாக ஐந்து பொறுக்கி
தாடையில் மூன்று, உதட்டோரம் ஒன்று,
இமையில் ஒன்று,
வெங்காரம் தொட்டு, பொடி தூவி,
மூச்சைப் பிடித்து ஊதினேன்.
என் கைக்கு அது நல்ல வேலை.

ஆடிக் கூட்டத்தில் போக முடியவில்லை.
ஐந்நூறு ஜோடி ஆர்டர்.

புரட்டாசியில் ஒரு காலை
முகம் கழுவும்போது விரல் வழுக்கியது.
விழவில்லை, உதிரவில்லை, வலிக்கவில்லை.
என்றைக்குப் போயின என்றே தெரியாது.
பால்தான் என்றாள் தைலம்மை.
குதிரைக்காரர் தன் குதிரை என்றார்.
டாக்டர் "பார்த்தீங்களா" என்றான்.
நான் யாரையும் மறுக்கவில்லை.
வேலை நடுவே விரல் மட்டும்
இப்போதும் தாடைக்குப் போகிறது,
ஒன்றும் அகப்படாமல்
சும்மா திரும்புகிறது.

கடன் கடன்தானே.
தகட்டை எடுத்துப்போனேன்.
பூசாரி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.
"முகத்தில் என்னம்மா பிசிறு?
தேய்த்துக் கொண்டுவந்திருக்கலாமே."
நகத்தால் ஒன்றை நெம்பினார்.
இன்னொன்றையும் நெம்பினார்.

வராது சாமி.
அது நான் வைத்தது.